நான் கையுறை போட்ட காலம்

போன வாரம் சித்ரா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் லைட் ரூமைப் பார்த்துக்கொள்வது அவள்தான். வெண்புள்ளி வந்தவர்களுக்கு ஒளிச் சிகிச்சை கொடுக்கும் அறைக்கு எங்களுக்குள் அதுதான் பெயர். பழைய விளக்குப் பெட்டியை எடுத்துவிட்டுப் புதியது வைத்திருக்கிறார்களாம். அதை ஓட்டப் புதுப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்களாம்.

"மெசின் ஓட்டறதெல்லாம் நான் சொல்லிக் குடுத்துட்டேனுங்கக்கா. வர்றவங்ககிட்ட எப்படி நடந்துக்கறதுன்னு நீங்க எழுதிக் குடுத்தா நல்லாருக்கும். உங்க கைராசி ஊருக்கே தெரியுமில்லீங்க. அப்படியே போட்டோ ஒண்ணு அனுப்புங்க. ரூம் செவுத்துல மாட்டி வெச்சுக்கறோம்."

கைராசி என்று அவள் சொன்னதும் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நல்ல வேளை, போனில் முகம் தெரியாது. சரி கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு நாள் பேனாவை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தால் நல்லது எதுவும் எழுத வரவில்லை. கையுறைதான் முன்னால் வந்து நிற்கிறது. அதையே எழுதுகிறேன். செவுத்தில் மாட்டுவதா வேண்டாமா என்பதைப் படித்துவிட்டு அவர்களே முடிவு செய்யட்டும்.

நான் சேலத்தில் நர்சிங் படித்தவள். அந்தக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விடுதிச் சாம்பாரும் வார்டு சிஸ்டரின் திட்டும் எல்லாருக்கும் கிடைத்ததுதான். பிரசவ வார்டில் கொஞ்ச நாள், ஆபரேஷன் தியேட்டரில் கொஞ்ச நாள் இருந்தேன். கல்யாணமாகிச் சங்ககிரிக்கு வந்தேன். வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. தோல் பிரிவுக்குப் போக யாரும் முன்வராததால் புதிதாக வந்தவள் தலையில் அதைக் கட்டினார்கள். முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், மாமியார் வாசலிலேயே நிறுத்தி, "பொறகால போயித் தண்ணி ஊத்திக்கிட்டு ஊட்டுக்குள்ள வா" என்றார். நானும் மறுபேச்சில்லாமல் போய்க் குளித்தேன். அவர் சொல்லாவிட்டாலும் குளித்திருப்பேன் என்பதுதான் உண்மை.

தோல் பிரிவுக்குத் தலைமை டாக்டர் பத்மா. எல்லாரும் டாக்டரம்மா என்போம். ஒல்லியான உருவம், சத்தம் போடாத பேச்சு. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதை வைத்துத்தான் நாங்கள் கோபத்தின் அளவைத் தெரிந்துகொள்வோம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் ஊரில் இத்தனை வருஷம் இருந்தும், நாங்கள் மரியாதைக்குச் சொல்லுக்குச் சொல் சேர்க்கும் அந்த 'ங்க' அவர் வாயில் ஒழுங்காக உட்காரவே இல்லை.

நான் சேர்ந்த சில நாளில் எடப்பாடியிலிருந்து தறி ஓட்டும் ஒருவர் வந்தார். மேல்கையில் ரூபாய்க் காசு அகலத்துக்கு வெளுப்பு. சட்டையைக் கழற்றும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மா கதவைச் சாத்தச் சொன்னார். அவரை ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துப்போய் நிறுத்தினார். பஞ்சைத் திரித்து நூல் மாதிரி ஆக்கிக்கொண்டார்.

"கண்ண மூடிக்குங்க. நான் தொடுற எடத்த விரலால காட்டணும். தொடலைன்னா சும்மா இருக்கணும்."

வெளுப்பின் மேல் ஒருமுறை தொட்டார். பக்கத்து நல்ல தோலில் ஒருமுறை. தொடாமலே கொஞ்ச நேரம் காத்திருந்தார். மறுபடி வெளுப்பின் நடுவில். தறிக்காரர் தப்பாமல் காட்டினார். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர் எடுத்து வெளுப்பின் மேல் வைத்தார். எது சூடு, எது குளிர் என்று கேட்டார். அதையும் அவர் சரியாகச் சொன்னார். டாக்டரம்மா கண்ணாடித் துண்டின் ஓரத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தார், மாவு உதிர்ந்தால் தேமல். உதிரவில்லை. கடைசியாக அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைப் பிடித்தார். வெளுப்பு சுண்ணாம்பு பூசியது போல ஒளிர்ந்தது.

"இது வெண்புள்ளி. தொழுநோய் இல்ல. அதுவா இருந்தா தொட்டது தெரியாது, சூடு தெரியாது. அதுக்கும் மருந்து இருக்கு, சாப்பிட்டா போயிடும். உங்களுக்கு அது இல்ல. தோலுக்கு நிறம் குடுக்குற அணுவ உங்க உடம்பே எதிரின்னு நெனச்சு அடிக்குது. இது யாருக்கும் ஒட்டாது. பொண்டாட்டிக்கும் ஒட்டாது, புள்ளைக்கும் ஒட்டாது."

இதைச் சொல்லி முடிக்கும் வரை டாக்டரம்மா அவர் கையை விடவே இல்லை. தறிக்காரர் போனதும் என் பக்கம் திரும்பினார். நான் இரண்டு கையிலும் கையுறை போட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

"புண் இருந்துதா?"

"இல்லீங்க டாக்டர்."

"ரத்தம்?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு இது? நான் அரைமணி நேரம் ஒட்டாதுன்னு சொன்னேன். நீ பக்கத்துல நின்னுக்கிட்டு ஒட்டும்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்க."

கண்ணாடியைக் கழற்றவில்லை. அதனால் கோபமில்லை என்று தெரிந்துகொண்டேன். கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டேன். அன்று வீட்டில் பின்பக்கம் போய்க் குளிக்காமல் நேராக உள்ளே போனேன். மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கும் அது கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

பிறகு லைட் ரூம் வந்தது. ஆள் உயரப் பெட்டி, உள்ளே நீள நீளமான விளக்குகள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி உள்ளே நிறுத்த வேண்டும். குறைந்த நேரத்தில் தொடங்கி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். கூட்டுவதற்கு முன்னால் போன முறை கொடுத்த ஒளி எப்படி ஏறியது என்று பார்க்க வேண்டும். இதை மெசின் சொல்லாது, கட்டைவிரல்தான் சொல்லும். வெளுப்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால், அடியில் இருக்கும் சிவப்பு எவ்வளவு, தொட்டால் எரிகிறதா, சூடு இருக்கிறதா என்பது தெரியும். இளஞ்சிவப்பாக வந்து மறுநாள் அடங்கியிருந்தால் சரி. எரிந்தால் அன்று விளக்கு கிடையாது. மாதக்கணக்கில் இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் மயிர்க்கால் ஓரத்தில் கடுகு கடுகாகக் கறுப்புப் புள்ளி எட்டிப் பார்க்கும். முகத்தில் சீக்கிரம் வரும். விரல் நுனியில் மயிர்க்கால் கிடையாது, அங்கே வருவது ரொம்பச் சிரமம். முதல் புள்ளியைப் பார்த்ததும் ஆளைக் கண்ணாடி முன்னால் இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவேன். ஆம்பளைகள்கூட அழுதிருக்கிறார்கள்.

அழவைத்ததும் உண்டு. தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, ஏழெட்டு வயசுப் பெண்ணைக் கூட்டி வந்தாள். கன்னத்தில் புள்ளி. பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தது.

"வெள்ளையா இருக்கறது எதையும் குடுக்கறதில்லங்க. பாலு, தயிரு, முட்டை எல்லாத்தையும் நிறுத்திட்டேன்" என்றாள் பெருமையாக.

"சோறு என்ன கலர்ல போடுறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

என் வாய் அப்படி. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு பிள்ளைக்கு நானே கேண்டீனில் தயிர்சாதம் வாங்கிக் கொடுத்தேன். அது தின்ற வேகத்தைப் பார்த்து அம்மாவும் சிரித்துவிட்டாள்.

இப்படியாக எனக்குக் கைராசிக்காரி என்று பெயர் வந்தது. மெசின் ஒன்றுதான், யார் பொத்தானை அமுக்கினாலும் அதே வெளிச்சம்தான். ஆனாலும் ஈஸ்வரி சிஸ்டர் என்று என் பெயரைச் சொல்லி, நான் இருக்கிற நாளாகப் பார்த்து வருவார்கள். வெறுங்கையால் தொடுவேன், கன்னத்தைப் பிடித்துத் திருப்புவேன், உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டே கதை பேசுவேன். ஊரில் யாரும் தொடாத கையை நான் தொட்டேன். அதில் எனக்குக் கர்வம் இருந்தது. கொஞ்சம் இல்லை, நிறையவே.

அந்தக் கர்வத்தின் உச்சத்தில்தான் கோகிலா வந்தாள்.

கோகிலாவுக்குச் சங்ககிரிக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடு. கல்யாணமானவள். வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியோடு வெளிமாநிலத்தில் இருந்தார், வருஷத்தில் பாதி நாள் இவள் அம்மா வீட்டில்தான். வாயைச் சுற்றிலும் இரண்டு புறங்கையிலும் வெண்புள்ளி. வந்த அன்று டாக்டரம்மாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"மூஞ்சி போனாப் போகுதுங்க. கையில மட்டும் நெறம் கூடுனாப் போதும். என்ர அண்ணனுக்குக் கண்ணாலம் வெச்சிருக்குதுங்க. நாந்தான் இணைச்சீர் செய்யோணும்."

டாக்டரம்மாவுக்கு இணைச்சீர் என்றால் என்னவென்று நான்தான் சொன்னேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் அவன் உடன்பிறந்தவளும் சேர்ந்து நிற்கும் சீர் அது. அவளும் பட்டுக் கட்டி, நகை போட்டு, மணப்பெண்ணுக்குச் சமமாக மேடையில் நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அண்ணனிடம், மறுமுனை அவள் கையில். அருமைக்காரர் என்கிற பெரியவர் சீரை நடத்துவார். புதிதாக ஒருத்தி வீட்டுக்குள் வந்தாலும், கூடப் பிறந்தவளுக்கு இந்த வீட்டில் இடம் உண்டு என்று சபைக்கு முன்னால் சொல்வதுதான் அதன் அர்த்தம். சபை முழுக்க அந்த நேரத்தில் அவள் கையைத்தான் பார்க்கும்.

"ஒறம்பரை சொந்தத்துக்குள்ள பேச்சு வந்துருச்சுங்க. நல்ல காரியத்துல இந்தக் கையோட எப்படி நிக்கறதுன்னு எங்க சின்னம்மா கேக்கறாங்க. அவிய மவள நிக்க வெச்சுக்கலாமுன்னு சொல்றாங்க. அண்ணன் ஒண்ணும் பேசறதில்ல. நானும் சண்ட போட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன்" என்றாள் கோகிலா.

டாக்டரம்மா அவளிடம் பொய் சொல்லவில்லை. முகத்தில் நிறம் கூடிவிடும், கையில் அதற்குள் கூடுமா என்று சொல்ல முடியாது என்றார். கோகிலா நான் பிடித்திருந்த தன் கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சிஸ்டர் புடிச்சிருக்கற கைதானுங்களே, அண்ணன் புடிச்சா என்ன ஆயிரும்? நான் வாரேனுங்க" என்றாள். நான் அவள் கையைப் பிடித்தபடியே நின்றிருந்தேன். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தவறாமல் வந்தாள். வாயோரத்தில் கடுகு தெரிந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்ர மீசை மொளைக்குதுங்க" என்று சிரித்தாள். கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டுவாள். நான் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். சின்னம்மாவோடு அன்றைக்கு நடந்த சண்டையைச் சொல்லுவாள். ஜெயித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒருநாள் டாக்டரம்மா ஊதா விளக்கில் அவள் கையைப் பார்க்க வேண்டும் என்றார். அறையை இருட்டாக்கி, அவள் கையை என் கையில் ஏந்தி, விளக்குக்குக் கீழே கொண்டுபோனேன். அவள் கை ஒளிர்ந்தது. அதற்குக் கீழே என் விரல்களும் ஒளிர்ந்தன.

எனக்குக் கொஞ்சம் சிவந்த நிறம், சாதாரண வெளிச்சத்தில் தெரியவில்லை. ஆள்காட்டி விரல் கணுவிலும் நகத்தைச் சுற்றியும் சுண்ணாம்பு. டாக்டரம்மா அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கோகிலா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைக் கீழே இறக்கி, முழங்கையால் அவள் கையைத் தாங்கினேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ முறை, ஒன்றுமில்லை, ஒட்டாது, உயிருக்கு ஆபத்தில்லை, வெறும் நிறம்தான் என்று சொன்னவள் நான். அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது எனக்கு உதவிக்கு வரவில்லை. என் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. இரண்டாவது, சிரிப்பார்கள் என்பது. எங்கள் ஆஸ்பத்திரி ஆயாவிலிருந்து என் மாமியார் வரைக்கும் எல்லாருடைய முகமும் வரிசையாக வந்தது.

மறுநாளிலிருந்து கையுறை போட்டேன். வீட்டில் மருதாணி. விரல் நுனியெல்லாம் சிவக்கச் சிவக்க வைத்துக்கொண்டேன். "இந்த வயசுல என்ன புதுசா?" என்று வீட்டுக்காரர் கேட்டார், ஆசை என்றேன். ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் சோப்பு அலர்ஜி என்றேன். டாக்டரம்மாவுக்கு அப்போது முழங்கால் வலி, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருவார். அந்த நாட்களில் லைட் ரூமை விட்டு நான் வெளியே வரமாட்டேன்.

கையுறை போட்ட கட்டைவிரலுக்குச் சிவப்பும் சூடும் சரியாகத் தெரியாது. கண்ணால் பார்த்துச் சமாளித்தேன். என் புத்திக்கு அது மட்டும்தான் குறையாகப் பட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை. கோகிலா வழக்கம்போலக் கையை நீட்டியபோது கையுறையைப் பார்த்தாள். அடுத்த முறை கையை நீட்டவில்லை, மேசையின் மேல் வைத்தாள். அதற்கடுத்த முறை சின்னம்மா கதை எதுவும் வரவில்லை. பிறகு அவளும் வரவில்லை.

"கோகிலா எங்க? ரெண்டு வாரமா காணலையே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தெரியலீங்க. கல்யாண வேலையா இருக்கும்."

"போன் போடு."

அவர் மேசையில் இருந்தே போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். கோகிலா மரியாதையாகத்தான் பேசினாள். இனிமேல் வரவில்லை, இணைச்சீரைச் சின்னம்மா மகளே செய்யட்டும் என்று சொல்லிவிட்டேன் என்றாள். ஏன் என்று டாக்டரம்மா கேட்டார்.

"எத்தன நாளைக்குங்க சண்ட போடறது? சிஸ்டரு வெறுங்கையில புடிக்கறாங்க, அவிங்களுக்கு என்ன ஆயிப்போச்சுன்னு கேட்டுத்தான் சின்னம்மா வாய அடைச்சிட்டு இருந்தேன். இப்ப அவிங்களே கையுறை போட்டுத்தானுங்க தொடறாங்க. தெரிஞ்சவிங்களுக்கே கூசுதுன்னா மத்தவிங்களச் சொல்லி என்னங்க பண்றது?"

போன் ஓய்ந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"கழட்டு" என்றார்.

கழற்றினேன். எழுந்து வந்து, முழங்கால் வலியோடு, என் கையைப் பிடித்து ஜன்னலுக்கு அழைத்துப்போனார். எடப்பாடிக்காரரைப் பார்த்த மாதிரியே பார்த்தார். பஞ்சைத் திரித்தார். "கண்ண மூடு" என்றார். தொட்ட இடமெல்லாம் காட்டினேன். கடைசிவரை கையை விடவில்லை.

"எங்கிட்டயா மறைச்ச?"

"பொண்ணுக்கு வரன் பாக்கறோமுங்க டாக்டர்."

"சரி. இன்னைக்கே லைட் ஆரம்பி. அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

அந்த வாரமே போனேன். கல்யாண வீடு, பந்தல்கால் நட்டு ஆள் நடமாட்டமாக இருந்தது. கோகிலாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்பது என் திட்டம். வாசலிலேயே சின்னம்மா பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, நீங்க லாரி புக்கிங் ஆபீஸ்காரர் ஊட்டம்மாதானுங்களே? உங்க பொண்ணுக்குக்கூட பாத்துட்டு இருக்கறீங்கன்னு கேள்விப்பட்டேனுங்க. எங்க சொந்தத்துலயே ஒரு பையன் இருக்கறான், நல்ல எடம்."

அவ்வளவுதான். என் இரண்டு கையும் தானாக முந்தானைக்குள் போய்விட்டது. என்னைக் கட்டிலில் உட்காரவைத்துச் சுற்றிலும் நாலைந்து பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கோகிலா உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அதை நான் பார்த்தேன். திரும்பிப் போய் மோர் கொண்டுவந்து நீட்டினாள். நான் முந்தானையோடு சேர்த்து டம்ளரை வாங்கினேன்.

துணி சுற்றிய என் கையை அவள் பார்த்தாள். அவள் தொட்ட டம்ளரைத் துணி இல்லாமல் தொடமாட்டேன் என்றுதானே அதற்கு அர்த்தம்? வேறென்ன நினைக்க முடியும்? சின்னம்மாவும் பார்த்தார். பார்த்துவிட்டு, நான் சொன்னது சரிதானே என்பது போலப் பக்கத்துப் பெண்ணிடம் தலையை ஆட்டினார். நான் டம்ளரை வாயில் வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"போச்சாதுங்க சிஸ்டர், பரவால்ல, குடிக்க வேண்டாம். வெச்சிருங்க" என்றாள் கோகிலா. டம்ளரை என்னிடமிருந்து வாங்கவில்லை. நான் கீழே வைத்த பிறகு எடுத்துக்கொண்டு போனாள். "லைட்டுக்கு வா சாமி" என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது என்னை நானே என்னென்ன சொல்லித் திட்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுத முடியாது. கையில் வந்ததற்கு நான் என்ன செய்வேன்? ஆனால் அந்தத் துணியைச் சுற்றியது நான்தான்.

டாக்டரம்மா அடுத்த முறை வந்தபோது சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றேன். கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். அன்றுதான் வீட்டுக்காரரிடம் கையைக் காட்டினேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே, "தெரியும். நீ ஆசைப்பட்டு மருதாணி வெக்கற ஆளா?" என்றார். பெண்ணைப் பற்றிக் கேட்டேன். "கேக்கறவன் கேக்கட்டும், பதில் சொல்லிக்கலாம்" என்றார். இவ்வளவு சுலபமாக ஒருவர் சொல்லிவிடுவார் என்று தெரிந்திருந்தால் அந்த மோரை நான் எப்படி வாங்கியிருப்பேன் என்று நினைத்து இன்னொருமுறை அழுதேன்.

முகூர்த்தத்தன்று விடிந்ததும் மண்டபத்துக்குப் போனேன். கையுறை இல்லை, மருதாணியும் பாதி அழிந்து புள்ளி இன்னும் பளிச்சென்று தெரிந்தது. சாலைப் பிரிவில் லாரி மறித்து நின்றதில் நேரமாகிவிட்டது. நான் உள்ளே நுழையும்போது மேடையில் இணைச்சீர் தொடங்கிவிட்டது. அருமைக்காரர் சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். மறுமுனையைச் சின்னம்மா மகள் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பாவம், அவளும் சபையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

கோகிலா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பட்டுக் கட்டி நகையெல்லாம் போட்டிருந்தாள். கை இரண்டும் மடியில் ஒரு கைக்குட்டைக்கு அடியில் இருந்தது. பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். வாங்க என்று சொல்லிவிட்டு மேடையைப் பார்த்தாள். நான் கைக்குட்டையை எடுத்துவிட்டு என் கையை அவள் கை மேல் வைத்தேன்.

குனிந்து பார்த்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நகத்தைச் சுற்றியிருந்ததைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், நான் அவளுக்குச் செய்த மாதிரியே.

"எப்பருந்துங்க?"

"நீ வந்துட்டு இருக்கும்போதே வந்துருச்சு சாமி. அதுக்குத்தான் கையுறை போட்டேன். மோர் வாங்கினப்பவும் அதுக்குத்தான். உன்னத் தொடக் கூசி இல்ல, என்னக் காட்டக் கூசி."

மேடையில் அருமைக்காரர் என்னவோ சொல்ல, எல்லாரும் அட்சதையைப் போட்டார்கள். எங்கள் கை மடியிலேயே இருந்தது, நாங்கள் போடவில்லை.

"எனக்கு ஒரே அண்ணனுங்க சிஸ்டர்" என்றாள் கோகிலா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "அன்னைக்கு எங்க ஊட்டுல எல்லாரு முன்னாடியும் இந்தக் கையக் காட்டியிருந்தீங்கன்னா, நான் போயி நின்னுருப்பேன்."

ஆனால் அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை. தாலி கட்டி முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். சின்னம்மா பந்திக்குக் கூப்பிட வந்தவர் எங்கள் நாலு கையையும் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். அவர் சொன்ன அந்த நல்ல இடம் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வேறொரு இடம் வந்தது. அவர்கள் என் கையைப் பார்த்தார்கள், கேட்டார்கள், சொன்னேன், சரி என்றார்கள். என் பெண்ணின் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாமல் இருக்கிறது.

கோகிலா மறுபடி லைட்டுக்கு வந்தாள். முகம் முழுக்கக் கூடிவிட்டது. கை கூடவில்லை. எனக்கும் கூடவில்லை. என் கையை விளக்கில் பார்த்துவிட்டு, "என்னோடதவிட உங்களுது ஜாஸ்திங்க" என்று ஒருநாள் கேலி செய்தாள். ஓய்வு பெறும்வரை நான் வெறுங்கையோடுதான் வேலை செய்தேன். புதிதாக வந்தவர்களிடம் முதலில் என் கையைத்தான் நீட்டினேன். கைராசி என்று யாராவது சொன்னால் எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

சித்ரா, உன் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் தெரியும். புண்ணும் ரத்தமும் இருந்தால் கையுறை போடுங்கள். இல்லாவிட்டால் போடாதீர்கள். உங்களுக்கு எதுவும் வந்தால் மறைக்காதீர்கள், எதிரில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அதைத் தங்கள் மேல் எழுதிக்கொள்வார்கள்.

போட்டோ கேட்டாயல்லவா. இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். அந்தக் காலத்துக்குப் பிறகு எடுத்த எதிலும் என் கை இல்லை. ஒன்றில் முதுகுக்குப் பின்னால், ஒன்றில் பேரன் சட்டைக்குப் பின்னால், எனக்குப் பிரிவு உபச்சாரம் நடந்த அன்றும் பூச்செண்டுக்கு அடியில். கையைக் காட்டி வேலை செய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். கேமராவைக் கண்டால் அது எங்கே போனதோ தெரியவில்லை. கோகிலாவுக்குப் போன் செய்து சொன்னேன். நேற்று வந்து அவள்தான் எடுத்தாள்.

"கைய முன்னாடி வைங்க சிஸ்டர்" என்றாள்.

வைத்தேன். நன்றாகத்தான் வைத்தேன் என்று நினைத்தேன். படத்தைப் பார்த்தால் விரல்கள் எல்லாம் உள்ளே மடங்கியிருக்கின்றன. இன்னொன்று எடுக்கலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதையே அனுப்புகிறேன்.